பாதி உருண்டைக்குப் பாதி அரக்கு

ரோசம்மாளுக்குத் தன் புருஷன் வீட்டோடு இருப்பதன் விலை எழுநூறு ரூபாய். அந்த விலையைப் போட்டவன் நான்தான். அவளைக் கேட்டுப் போடவில்லை. மாட்டைக் கேட்டா மாட்டுக்கு விலை போடுகிறோம்?

விவரம் இதுதான். அவள் புருஷன் பாஸ்கல் ஆறு வருஷம் சைகோனில் பிரெஞ்சு சர்க்காருக்குக் காவல் காத்துவிட்டு ஊர் திரும்பினான். சேர்த்த பணத்தை நிலத்தில் போடாமல், நகையில் போடாமல், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடம் சின்னதாக ஒரு டீசல் லாரி வாங்கினான். கம்மியோன் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். பாகூரில் வெல்லம் ஏற்றி வில்லியனூர் சந்தையில் இறக்குவது தொழில். கம்மியோன் ஒழுங்காக ஓடினால் பாஸ்கல் ஊரில் இருப்பான். ஓடாவிட்டால் அதை விற்றுவிட்டுப் பங்குனிக் கடைசியில் கிளம்பும் கப்பலில் மறுபடியும் சைகோன், மறுபடியும் ஆறு வருஷம். கப்பலில் இடமும் சொல்லி வைத்தாகிவிட்டது. இது முப்பத்தேழாம் வருஷத்துச் சமாசாரம்.

கம்மியோன் ஓடாமல் இல்லை. அதன் வியாதி விசித்திரமான வியாதி. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு எல்லை என்பது எங்கள் பக்கத்தில் ஒரே துண்டு கிடையாது. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி நடுநடுவே இங்கிலீஷ்காரன் எல்லை வரும். பாகூரிலிருந்து வில்லியனூருக்குப் போகிற வழியில் அப்படி நாலு மைல். அந்த நாலு மைலுக்குத் தெற்கு முனையில் ஒரு சுங்கச் சாவடி, வடக்கு முனையில் ஒரு சாவடி. எங்கள் பக்கம் எண்ணெய்க்கு வரியில்லை, அவர்கள் பக்கம் உண்டு. அதனால் வண்டி உள்ளே நுழையும் சாவடியில் எண்ணெய் டாங்கியின் மூடியை நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி, முத்திரை குத்திவிடுவார்கள். வெளியேறும் சாவடியில் முத்திரையை உடைத்து, உள்ளே கோல் விட்டு மட்டம் பார்த்து, சீட்டோடு ஒப்பிட்டு அனுப்புவார்கள். நடுவழியில் எவனும் எண்ணெயை இறைத்து விற்றுவிடக் கூடாதே!

பாஸ்கலின் கம்மியோன் பாகூரில் பட்டுப்போல ஓடும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் மேலே வைத்த காபித் தம்ளர் சிந்தாது. தெற்குச் சாவடி தாண்டி ஒரு மைல் போனதும் இன்ஜினுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். வடக்குச் சாவடியில் வரிசையில் நிற்கும்போது பார்க்க வேண்டும்: தொட்தொட்தொட்டென்று எகிறும், பிறகு தொட்... தொட்... என்று சாகப் போகும். மறுபடியும் சாமி வந்ததுபோல எகிறும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அணைந்தே போகும். அணைந்தால் லேசில் கிளம்பாது. இரண்டு ஆள் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். வெல்லம் சந்தைக்குப் பிந்திப் போகும். பிந்திப் போன வெல்லத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இல்லை. ஆனால் வடக்குச் சாவடியைத் தாண்டிப் பிரெஞ்சு மண்ணை மிதித்ததும் வியாதி போன இடம் தெரியாது.

"பிரெஞ்சுக்காரன் வண்டி இல்ல? இங்கிலீஷ்காரன் மண்ணுல அதுக்கு மானம் பொறுக்கல" என்று சந்தையில் சிரித்தார்கள். பாஸ்கலும் கூடச் சேர்ந்து சிரித்தான், முதல் இரண்டு வாரம்.

பட்டணத்து மெக்கானிக் அருள்சாமியிடம் மூன்று தடவை போனான். முதல் தடவை அவர் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். இரண்டாம் தடவை, குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று ஒவ்வொரு மூட்டாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். மூன்றாம் தடவை இன்ஜினுக்குள் எண்ணெய் பீச்சும் நாசில்களைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, கூலி வாங்க மறுத்துவிட்டார்.

"எங்கொட்டாயில சிரிச்சிக்கினு நிக்குதுபா. வைத்தியன் வூட்டுக்கு வந்ததும் நோயாளி எழுந்து உக்காந்துக்கினா, நான் இன்னா வைத்தியம் பண்ண?"

பாஸ்கல் தானாகக் கண்டுபிடித்தவை மூன்று. திரும்பி வரும்போது வியாதி வருவதில்லை, போகும்போது மட்டும்தான் வருகிறது. ஆகவே பாரம்தான் காரணம் என்று பாதிப் பாரம் ஏற்றிப் பார்த்தான், அப்போதும் வந்தது. மூன்றாவதுதான் அவனுக்குப் பெரிய குழப்பம்: டாங்கி முட்ட எண்ணெய் ஊற்றிய நாளில் வியாதி சீக்கிரம் வருகிறது, பாதி டாங்கியோடு போன நாளில் வருவதே இல்லை. "வயிறு நிறைஞ்சா சோம்பேறி ஆவுது அண்ணே, எம் மச்சான் மாதிரி" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் யோசிக்கத் தெம்பில்லை. "வித்துக் குடுங்க" என்று என்னிடம் வந்தான்.

நான் மாட்டுத் தரகன். கம்மியோனுக்குக் கொம்பு இல்லையே தவிர, மற்றபடி வித்தியாசம் அதிகமில்லை என்று ஒத்துக்கொண்டேன். விற்பவனிடம் ஒரு தரகு, வாங்குபவரிடம் ஒரு தரகு.

வாங்க வந்தவர் வில்லியனூரில் வெல்ல மண்டி வைத்திருந்த உலகநாதன். எட்டு மாட்டு வண்டி வைத்திருந்தார். ஒன்பதாவதாக ஒரு கம்மியோன் இருந்தால் மண்டி வாசலுக்கு அழகு என்று நினைத்தார். காலையில் பாகூருக்கு வந்து வண்டியை மூன்று தடவை சுற்றினார். டயரை உதைத்தார். முன் விளக்கைக் கண்ணிமை தூக்கிப் பார்ப்பதுபோல நிமிண்டினார். பல்லைத் தேடினாரோ என்னவோ, முன்பக்கக் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டிக் காட்டச் சொல்லு தரகரே. சும்மா நிக்கிறதுக்கா காசு குடுப்பாங்க?"

"ஓட்டித்தான் காட்டப் போறோம் ஐயா. ஏத்தின வெல்லத்தோட வில்லியனூர் வரைக்கும் கூட்டிக்கினு போறோம். உங்க மண்டியிலேயே எறங்கிக்கிடுங்க."

பாஸ்கல் ரோஷக்காரன். விற்கப் போகிற வண்டியானாலும் குறை சொல்லக் கூடாது என்று டாங்கியின் கழுத்து வரைக்கும் எண்ணெய் ஊற்றினான். முட்ட ஊற்றினால் வியாதி சீக்கிரம் வருமே என்று வாங்குபவர் எதிரில் நான் எப்படிச் சொல்வது?

வண்டி கிளம்பும் நேரத்தில் ரோசம்மாள் வந்து நின்றாள்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்குடி? வெய்யிலு மண்டையப் பொளக்குது" என்றான் பாஸ்கல்.

"விக்கப் போற வண்டில ஒருவாட்டியாச்சும் ஏறிப் பாக்கறேன். நாலு மாசமா எனக்குச் சக்களத்தியா இருந்தது, வழியனுப்ப வேணாமா?"

சொல்லிவிட்டு அவளாகவே பின்னால் ஏறி, வெல்ல மூட்டைகளின் மேல், முன்பக்க மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த மூலைக்கு நேர் கீழேதான் டாங்கி. முன்னால் பாஸ்கல், நடுவில் நான், ஓரத்தில் உலகநாதன்.

தெற்குச் சாவடியில் தணிகைவேல் என்று ஒரு சேவகர். வாயெல்லாம் சிரிப்பு. பாஸ்கல் இறங்கிப் போய் ஒரு வெல்ல உருண்டையை அவர் கையில் வைத்தான். அது தினசரி மாமூல். யாரும் கேட்டதில்லை, பாஸ்கலாகவே கொடுத்துப் பழகியது. எங்களுக்கு முன்னால் நின்ற பஸ்ஸுக்கு முடிச்சின் மேல் நகக்கண் அளவுக்கு அரக்குச் சொட்டு வைத்து, பொத்தென்று முத்திரை குத்தி அனுப்பினார் தணிகைவேல். எங்கள் வண்டிக்கு வந்ததும் புதுக் குச்சி எடுத்தார். விளக்கில் காட்டிக் காட்டி உருக்கி, முடிச்சில் தொடங்கி மூடி முழுவதும் சிவப்பாக, வழவழவென்று, தோசைக்கல்லில் மாவு தேய்க்கிற மாதிரி வழித்து விட்டார். நடுவில் முத்திரை. ஓரத்தில் இன்னொரு முத்திரை.

"ஒன் வண்டில எவனும் ஒரு கொற சொல்லக் கூடாது பாஸ்கலு. வடக்கால இருக்கிற கொமாஸ்தா ஒரு மாதிரி ஆளு. பாத்ததும் அசந்து பூடணும்."

வாங்கிய கைக்கு இவ்வளவு வேலை செய்யும் மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் வியாபாரத்தில் பத்து உருண்டை கொடுத்தாலும் பாதி வேலைதான் நடக்கும். மனசுக்குள் அவரை மெச்சிக்கொண்டேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நிற்பவன் காதில் விழக் கூடாது. கம்மியோனுக்கும் அப்படித்தான் செய்தேன். என் துண்டு உலகநாதன் மடியில் கிடந்தது. ஒரு விரல் நூறு ரூபாய். சாவடி தாண்டும்போது அவர் என் ஒரு கை முழுவதையும் பிடித்து, பிறகு ஒரு விரலை மட்டும் பிடித்தார். அறுநூறு. நான் தலையசைத்து இரண்டு விரலை நீட்டினேன். எழுநூறு. அவர் சிரித்தார். படிந்துவிடும் போலிருந்தது.

ஒரு மைல் போனது. ஒரு புளியமரத்து நிழலைத் தாண்டும்போது வண்டி ஒரு தடவை விக்கியது.

துண்டுக்குள் ஒரு விரல் விலகியது.

"இன்னாப்பா அது?" என்றார் உலகநாதன்.

"ரோடு மேடு பள்ளம்" என்றேன்.

ரோடு தேய்த்த தரை மாதிரி கிடந்தது. இன்னொரு விக்கல். இன்னொரு விரல். பாஸ்கல் முன்னால் பார்த்தபடியே ஓட்டினான். துண்டுக்குள் தன் கம்மியோன் விரல் விரலாகத் தேய்வது அவனுக்குத் தெரியாது. மூன்றாவது மைலில் வண்டி குதிரை மாதிரி குதித்துக் குதித்துப் போனது. ஒவ்வொரு குதிப்புக்கும் உலகநாதனின் தலை மேல்தட்டில் இடித்தது. தலை இடித்த ஆத்திரத்தையும் அவர் விரலில்தான் காட்டினார்.

வடக்குச் சாவடிக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகள் ஏழெட்டு. குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். பாஸ்கல் இன்ஜினை அணைக்கவில்லை. நின்ற இடத்தில் அது எகிறியது, செத்தது, எகிறியது, கறுப்பும் வெள்ளையுமாகப் புகை கக்கியது. உலகநாதனின் கையில் இப்போது என் மூன்று விரலும், மடக்கிய ஒரு பாதியும் இருந்தன. முன்னூற்று ஐம்பது. அந்த நேரத்தில் இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது.

பாஸ்கல் நெற்றியை ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டான்.

"எத்தினியானாலும் முடிச்சிடுங்க அண்ணே" என்றான், என்னைப் பார்க்காமல்.

முன்னூற்று ஐம்பதுக்கும் தரகு உண்டு. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கையடித்து விலையை முடித்துவிட நான் தயாராகத்தான் இருந்தேன். அதை மறைப்பானேன்?

அப்போது மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, செத்த இருங்க. இன்னாங்க, இங்க வாங்க. டாங்கி டொக்கு டொக்குன்னுது."

பாஸ்கல் எழவில்லை. "அதான் செத்துப் பூச்சே. இன்னும் இன்னாடி டொக்கு?"

"செத்த அப்புறமும் ஒருவாட்டி டொக்குன்னுதுங்க. வழி நெடுக்க எனக்குக் கீழேதான் கேட்டுக்கினு வந்துது. எங்கப்பன் கடை டின்னு மாதிரி."

ரோசம்மாளின் அப்பா மூலக்குளத்தில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்தவர். அவள் கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் அங்கே படி அளந்தவள். மூட்டை மேலிருந்து இறங்கி வந்து எங்கள் மூன்று பேருக்கும் எதிரில் நின்று சொன்னாள்:

"புது டின்னுக்கு ஒத்த ஓட்டை போட்டுச் சாய்ச்சா எண்ணெ வராதுங்க. கொஞ்சம் வரும், நிக்கும், குபுக்குன்னு வரும், நிக்கும். டின்னோட வயிறு உள்ள இழுத்துக்கினு டொக்குனும். அதுக்குத்தான் எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவாங்க, காத்து போவறதுக்கு. டின்னு பாதி காலின்னா உள்ள இருக்கிற காத்தே கொஞ்ச நேரம் தாங்கும், முட்ட இருந்தா ஒடனே மூச்சு முட்டும். இந்த டாங்கிக்குக் காத்து போற ஓட்டை எங்க?"

பாஸ்கல் தலையைத் தூக்கினான். நாங்கள் மூன்று பேரும் போய் டாங்கியைப் பார்த்தோம். அதன் பக்கவாட்டுத் தகடு, பட்டினி கிடந்தவன் கன்னம் மாதிரி உள்ளே குழிந்திருந்தது. மேலே தணிகைவேலின் சிவப்பு அரக்கு பளபளவென்றிருந்தது.

"மூடி நடுவுல கடுகு நொழையற மாதிரி ஒரு ஓட்டை உண்டு" என்றான் பாஸ்கல் மெதுவாக. "அழுக்கு போவுதேன்னு ஒருவாட்டி அடைக்கலாம்னு கூட நெனச்சேன்."

அரக்கைத் தொட்டால் குற்றம். குமாஸ்தா ஏப்பம் விட்டுக்கொண்டு வரும் வரை காத்திருந்தோம். அவர் குட்டிச் சுத்தியலால் அரக்கை உடைத்து, நூலை அறுத்து, மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். கூடவே டொங்! குழிந்த தகடு வெளியே வந்து நேரானது. குமாஸ்தா பயந்து இரண்டடி பின்வாங்கினார்.

நானும் பாஸ்கலும் கைப்பிடி போட்டுச் சுற்றினோம். இரண்டாவது சுற்றில் கிளம்பி, தொட்தொட்தொட்டென்று சமமாக, அலட்டிக்கொள்ளாமல் ஓடியது.

உலகநாதன் மசியவில்லை. மண்டிக்காரர் அல்லவா?

"இங்க வந்தா தெனம்தான் சரியாவுதுன்னு இந்த வைக்கோல் வண்டிக்காரங்களே சொல்றாங்க. இன்னைக்கும் சரியாச்சு. இதுல இன்னா புதுசு? உஸ்ஸுன்னு சத்தம் கேட்டதுக்கெல்லாம் காசு குடுக்க முடியுமா?"

அவர் சொன்னது நியாயம். ஆனால் ரோசம்மாள் விடவில்லை.

"பிரெஞ்சு எல்லையில வண்டிக்கு இந்த நோவு வந்ததே இல்லைன்னுதானே சொல்றீங்க? வர வெச்சுக் காட்டறேன். அப்பொ ஒத்துக்குவீங்களா?"

சாவடியைத் தாண்டிய உடனே, எங்கள் எல்லையில், எண்ணெய்க் கடை ஒன்று உண்டு. அங்கே டாங்கியை மறுபடியும் கழுத்து வரைக்கும் நிரப்பச் சொன்னாள். மூடியைப் போட்டாள். உலகநாதனிடம் கை நீட்டினாள்.

"ஒரு வெத்தல குடுங்க."

அவர் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, இருப்பதில் சின்னதாக ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அவள் அதை அந்தக் கடுகு ஓட்டை மேல் விரித்து வைத்தாள். மூட்டையிலிருந்து ஒரு விள்ளல் வெல்லத்தைப் பிட்டு, எச்சில் தொட்டுப் பிசைந்து, வெற்றிலையின் மேல் அப்பி, ஓரமெல்லாம் அமுக்கிவிட்டாள்.

"இப்போ ஓட்டுங்க."

ஒரு மைல். ஒன்றுமில்லை. உலகநாதன் என் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். ஒன்றரை மைல். வில்லியனூர்க் கோபுரம் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் வண்டி ஒரு தடவை விக்கியது.

ஒரு நோயாளிக்கு வியாதி வந்ததைப் பார்த்து ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "வந்துட்டுது! வந்துட்டுது!" என்று பாஸ்கல் கத்தினான். அடுத்த அரை மைலும் வண்டி குதித்தது. அவனும் உட்கார்ந்த இடத்தில் குதித்தான். உலகநாதனின் தலை மறுபடி மேல்தட்டில் இடித்தது. சாலையோரம் நிறுத்தினான். நின்ற இடத்தில் இன்ஜின் எகிறிச் செத்து எகிறியது, வடக்குச் சாவடியில் ஆடுகிற அதே ஆட்டம், ஆனால் பிரெஞ்சு மண்ணில்.

ரோசம்மாள் இறங்கி வந்தாள். வெல்லத்தைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வெற்றிலை மட்டும் வரவில்லை. நடுவில் குழிந்து, மூடியைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நீங்களே பிச்சிப் பாருங்க. உங்க வெத்தலதானே."

உலகநாதன் நகத்தால் நிமிண்டி இழுத்தார். உஸ்ஸ்! டொங்! எண்ணெய் கீழே பம்புக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எகிறல் அடங்கியது. சாவு அடங்கியது. தொட்தொட்தொட்டென்று ஒரே சீராக, மாவு அரைக்கிற இயந்திரம் மாதிரி ஓடியது. உலகநாதன் தன் வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஓட்டையின் அச்சு, குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக விழுந்திருந்தது. துண்டை என் மடியில் போட்டார். உள்ளே என் கை முழுவதையும் பிடித்தார். பிறகு ஒரு விரல். பிறகு இன்னொரு விரல். எழுநூறு.

நான் பாஸ்கலைப் பார்த்தேன். வாயைத் திறந்தே சொன்னேன்:

"எழுநூறுப்பா. நான் போட்ட விலை. கையடிக்கலாமா?"

அவன் இன்ஜினைப் பார்த்தான். பிறகு வெல்லம் மென்றுகொண்டிருந்த ரோசம்மாளைப் பார்த்தான்.

"விக்கல அண்ணே."

"இன்னாடா சொல்ற?"

"விக்கலன்னா விக்கல. கோவிச்சிக்காதீங்க."

முப்பது வருஷத் தரகில் நான் போட்ட விலைக்கே ஆள் படிந்தது அது ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் சரக்கு வர மாட்டேன் என்றது. திரும்பி மூட்டை மேல் ஏறப் போன ரோசம்மாள், காலை வைத்த சக்கரத்தையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. சரக்கு கைவிட்டுப் போனாலும் ஏன் போனது என்று தெரியாவிட்டால் எங்கள் இனத்துக்குச் சோறு இறங்காது.

"பாஸ்கலு, இந்த நோவு எப்போ ஆரம்பிச்சுது?"

"தை மாசம் அண்ணே."

"தணிகைவேலுக்கு வெல்லம் குடுக்க எப்போ ஆரம்பிச்ச?"

அவன் விரல் விட்டு எண்ணினான்.

"தை மாசம்தான். புது வெல்லம் வந்துதேன்னு..." என்றவன் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யய்யோ! திரும்பி வர்றப்போ வடக்கு கொமாஸ்தாவுக்கு ஒண்ணும் குடுக்கறதில்ல. அந்தாளு நகக்கண்ணாட்டம் ஒரு சொட்டு வெச்சி அனுப்பிடுவான். அதான் திரும்பறப்போ நோவு வரல!"

"அந்தாளு கருமி இல்ல. உன் வண்டிக்கு அவன்தான் வைத்தியன்" என்றேன்.

"ரெண்டு மாசத்துல அம்பது உருண்டை இருக்கும் அண்ணே. அம்பது உருண்டை வெல்லம் குடுத்து, என் வண்டி மூக்கை நானே பொத்தியிருக்கேன்!"

உலகநாதன் அப்போதுதான் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மண்டி வாசலில் இறங்கும்போது, தன் மூட்டைகளை இனிமேல் கம்மியோனிலேயே ஏற்றச் சொன்னார். எட்டு மாட்டு வண்டியில் மூன்றை விற்றுக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார். பெரிய மனுஷன் என்பது சும்மாவா?

மறுநாள் தெற்குச் சாவடிக்கு நானும் போனேன், வேடிக்கை பார்க்க. வெல்லத்தை நிறுத்தினால் தணிகைவேல் மனசு நோகும்; கொடுத்தால் அரக்கு குவியும். பாஸ்கலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரோசம்மாள் ஓர் உருண்டையைக் கத்தியால் சரிபாதியாக வெட்டி எடுத்து வந்திருந்தாள்.

தணிகைவேல் கையில் விழுந்ததைப் பார்த்தார். "பாதிதானாம்மா? நேத்து முழுசு குடுத்தாரே."

"அரக்கும் பாதி வெச்சாப் போதும் அண்ணே. சர்க்கார் அரக்கு, ஏன் வீணா போவணும்? அப்புறம் மூடி நடுவுல இந்த ஓட்டை மேல மட்டும் படாம வெச்சிக் குடுங்க. வண்டிக்கு மூச்சு முட்டுதாம்."

அவர் ஓட்டையைப் பார்த்தார், அரக்குக் குச்சியைப் பார்த்தார். முகத்தில் ஒரு வருத்தம் வந்தது. நல்லது செய்யப் போய்க் கெட்ட பேர் வாங்கியவனுக்கு வருகிற வருத்தம். அது கால் நிமிஷம்தான் நின்றது. அடுத்த கால் நிமிஷத்தில் அவர் கண் கணக்குப் போட ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

"பாத்துப் பாத்து ஓரமா வெக்கிறதுக்குத்தாம்மா வேல ஜாஸ்தி. அள்ளி அப்பறதுக்கு இன்னா? அதுக்கு முழு உருண்டையே கம்மி."

"அப்படின்னா ஒண்ணும் வேணாம் அண்ணே. பஸ்ஸுக்கு வெக்கிற மாதிரி வெச்சிடுங்க. பஸ்ஸுக்காரன் ஒண்ணுமே தர்றதில்லையே."

தணிகைவேல் சிரித்துவிட்டார். பாதி உருண்டையை மடியில் கட்டினார். முடிச்சின் மேல் ஒரு சொட்டு, முத்திரை ஒன்று. ஓட்டை சுத்தமாகத் தெரிந்தது. அன்று டாங்கி முட்ட எண்ணெயோடு கம்மியோன் நாலு மைலையும் ஒரே மூச்சில் தாண்டியது. வடக்குச் சாவடியில் வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் இன்ஜின் ஓடியபடியே நின்றது. இன்ஜின் மூடி மேல் பாஸ்கல் ஒரு தம்ளர் காபி வைத்திருந்தான். அது சிந்தவில்லை.

கம்மியோன் விற்பனைக்கென்று நான் எழுதி வைத்திருந்த ஒப்பந்தச் சீட்டு வீணாகப் போயிற்று. காகிதத்தை வீணாக்குவது எங்கள் வழக்கமில்லை. பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன்.

விற்பவனிடம் தரகு: இல்லை.

வாங்குபவரிடம் தரகு: இல்லை.

உலகநாதனின் மாட்டு வண்டி மூன்று விற்ற தரகு: பன்னிரண்டு ரூபாய், இரண்டு பணம் (எட்டுப் பணம் ஒரு ரூபாய்).

வெற்றிலை ஒன்று: உலகநாதன் திருப்பிக் கேட்கவில்லை. பெட்டியில் பத்திரமாக வைத்து, வருகிறவனுக்கெல்லாம் காட்டுகிறார்.

சாவடிக்கு வெல்லம்: நாளுக்குப் பாதி உருண்டை. நடப்பு.

சைகோன் கப்பலில் ஓர் இடம்: காலி.

ரோசம்மாள் வீட்டில் விரால் மீன் குழம்பும் சோறும்: ஒரு வேளை, இரண்டு தடவை கேட்டு வாங்கியது.

அவள் புருஷனை முன்னூற்று ஐம்பதுக்குக் கையடிக்கப் பார்த்த வகையில்: நான் தர வேண்டியது. தொகையை அவள் இன்னும் சொல்லவில்லை. பாக்கி நிற்கிறது.